ஒருவருக்கு 150, இன்னொருவருக்கு 112: யார் இதயத்தில் கோளாறு?

வாசகர் கடிதம்:

"டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 36, வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ரிப்போர்ட்டில் 'டி10, முழுமையான பாதிப்பு' என்று இருக்கிறது; டி10 என்றால் தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் பத்தாவது கணு. என் நண்பனுக்கு 31 வயது. கிணற்றில் தலைகீழாகக் குதித்தபோது கழுத்தில் அடி. அவனுக்கு சி6, அதாவது கழுத்துப் பகுதியின் ஆறாவது கணு, அதுவும் முழுமையான பாதிப்பு. ஆறு மாதமாக இருவரும் காலையில் ஒன்றாகத் தெருவில் நாற்காலி தள்ளுகிறோம். என் வாட்ச்சில் இதயத்துடிப்பு 150 வரை போகிறது. அவன் எவ்வளவு முக்கினாலும் 112-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் என்னைவிட அவனுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்குகிறது, முடித்ததும் சில நாள் கண் இருட்டுகிறது என்கிறான். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் என் அண்ணனுக்கு 110 கூட வருவதில்லை. கைக்கு மட்டும் வேலை கொடுத்தால் பிரஷர் ஏறும், இதயத்துக்குக் கெடுதல் என்று அவர் பயமுறுத்துகிறார். எங்கள் இருவரில் யாருக்குக் கோளாறு? நிறுத்திவிடலாமா? போதாததற்கு ஒரு மாதமாக எனக்கு வலது தோள் வேறு வலிக்கிறது."

பதில்:

கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் இருவர் இதயத்திலும் கோளாறு இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை. கை வேலையில் 150 வருவது உங்கள் உடலுக்கு இயல்பு. 112-இல் நின்றுவிடுவது உங்கள் நண்பரின் உடலுக்கு இயல்பு. நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் அண்ணனின் உடலுக்கான அளவுகோலை எடுத்து உங்கள் உடலையும், உங்களுக்கான அளவுகோலை எடுத்து நண்பரின் உடலையும் அளக்கிறீர்கள். அதைத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் உங்கள் 150. நடக்கும்போது வேலை செய்பவை உடலிலேயே பெரிய தசைகள்: தொடை, பிட்டம், கெண்டைக்கால். நாற்காலி தள்ளும்போது அந்த வேலை முழுவதும் தோள், மார்பு, புஜம் ஆகிய சின்னத் தசைகள் மேல் விழுகிறது. அதே அளவு வேலையைச் சின்னத் தசைகள் செய்தால் இதயத்துடிப்பு அதிகம் ஏறும், ரத்த அழுத்தமும் அதிகம் ஏறும், தசையில் லாக்டிக் அமிலம் சீக்கிரம் சேரும், மூச்சும் சீக்கிரம் வாங்கும். இது கால் நன்றாக இருப்பவர்களுக்கும் பொருந்தும். பொங்கலுக்கு முன்னால் உங்கள் அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு ஒட்டடை அடிக்கும்போது அந்த வாட்ச்சை அவர் கையில் கட்டிப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் நடையில் வராத எண் பத்து நிமிடத்தில் வரலாம்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. நடப்பவருக்குக் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் இறுகி, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடும். உங்கள் கால் தசைகள் இறுகுவதில்லை. எனவே ரத்தத்தில் ஒரு பங்கு காலிலேயே தங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம் குறைந்தால், அதை ஈடுகட்ட இதயம் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டும். உங்கள் 150-இல் ஒரு பங்கு இப்படி வருவது. அது இதயம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

பயிற்சி இல்லாத ஒருவர் கால்களால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள முடியுமோ, அதில் சுமார் 60 முதல் 70 சதவீதம்தான் கைகளால் முடியும். அதிகபட்ச இதயத்துடிப்பும் கை வேலையில் சுமார் பத்து துடிப்பு குறைவாகவே வரும். அதனால் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் "220-இலிருந்து வயதைக் கழி" அட்டவணை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அதன்படி உங்கள் உச்சம் 184. கை வேலைக்கு 174 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் 150 என்பது கடுமையான உழைப்பு. கெடுதல் இல்லை, ஆனால் தினமும் முழு நேரமும் அங்கேயே இருக்கத் தேவையில்லை. அப்புறம், மணிக்கட்டில் கட்டும் வாட்ச்சை ரிம் (சக்கரத்தில் கை வைத்துத் தள்ளும் வளையம்) தள்ளும் நேரத்தில் முழுசாக நம்பாதீர்கள். மணிக்கட்டு மடங்கும்போதும், அதிரும்போதும், கை இறுகப் பிடிக்கும்போதும் அதன் கணக்கு தப்பும். நாற்காலியை நிறுத்திய உடனே கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு விரலை மெதுவாக வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நண்பருக்கு விரல் நுனி உணர்வு சரியாக இருக்காது, அவருக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பிரஷர் பற்றி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கை வேலையில் அந்த நேரத்துக்கு ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் இன்னும் ஏறும். அதனால் தள்ளும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். ஏற்கனவே பிரஷர், சர்க்கரை இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, ஒரு தடவை இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். மற்றபடி, கெடுதல் உட்கார்ந்தே இருப்பதில்தான். லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய காலத்தில், இந்தக் காயம் பட்டவர்கள் சிறுநீரகக் கிருமித் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும் சீக்கிரமே இறந்தார்கள். அவர் விளையாட்டையே சிகிச்சையில் ஒரு பகுதியாக்கினார். 1948-இல் அங்கே நடத்திய போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. இன்று தண்டுவடக் காயத்தோடு பல வருடம் வாழ்பவர்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இதய, ரத்தக்குழாய் நோய்களும் சேர்ந்துவிட்டன. நல்ல கொழுப்பு குறைவதும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் இவர்களிடம் அதிகம். உங்கள் இருவரின் காலைப் பயிற்சி அந்த ஆபத்துக்கு எதிரானது. தயவுசெய்து விடாதீர்கள்.

இப்போது நண்பருக்கு வருகிறேன். உங்களைவிட அவருக்காகத்தான் இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

இதயத்துக்கு மூளையிலிருந்து இரண்டு வழியாக உத்தரவு போகிறது. துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு மூளையின் அடிப்பகுதியிலிருந்து நேரே இதயத்துக்கு வருகிறது. தண்டுவடத்துக்குள் இறங்குவதே இல்லை. துடிப்பை ஏற்றும் சிம்பதெடிக் நரம்புகள் அப்படி இல்லை. அவை தண்டுவடம் வழியாகக் கழுத்தைத் தாண்டி இறங்கி, மார்புப் பகுதியின் மேல் நான்கைந்து கணுக்களிலிருந்து வெளியே வந்து இதயத்தை அடைகின்றன. உங்கள் காயம் டி10, அந்தக் கணுக்களுக்குக் கீழே. ஆகவே உங்களுக்கு இரண்டு வழியும் அப்படியே இருக்கிறது. நண்பரின் காயம் கழுத்தில், அந்தக் கணுக்களுக்கு மேலே. "இன்னும் வேகமாகத் துடி" என்று மூளை சொல்வது இதயத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அவர் தள்ள ஆரம்பித்ததும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்தும். அதனால் மட்டும் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் ஏறும். கழுத்தில் முழுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு உச்சமே பெரும்பாலும் 110 முதல் 130-க்குள் நின்றுவிடும்.

ஆக, அவருடைய 112 அவருடைய உச்சத்தை ஒட்டியிருக்கலாம். வாட்ச் அதை "லேசான பயிற்சி" என்று காட்டும். "இன்னும் முயற்சி செய்" என்று அதிரும். அதைக் கேட்டு அவர் இன்னும் முக்கக் கூடாது. அவர் உடல் ஏற்கனவே முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

மூச்சு வாங்குவதற்கும் காரணம் காயத்தின் உயரம்தான். நாம் மூச்சு விடுவதில் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை), விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள், வயிற்றுத் தசைகள் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. சி6-இல் அடிபட்டவருக்கு உதரவிதானம் வேலை செய்யும். அதன் நரம்பு கழுத்தின் மூன்று முதல் ஐந்தாவது கணுக்களிலிருந்து வருகிறது. மற்ற இரண்டும் போய்விடும். அவர் உதரவிதானத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூச்சு விட்டு, அதே நேரம் நாற்காலியும் தள்ளுகிறார். அதிலும் முழங்கையை நீட்டும் தசைக்கு சி7 வேண்டும், அது அவருக்குக் கிடையாது. விரல்பிடியும் கிடையாது. உள்ளங்கையை ரிம்மின் பக்கவாட்டில் அழுத்தி, தோளாலும் புஜத்தாலும் இழுத்துத்தான் உருட்டுகிறார். உங்கள் பக்கத்தில் உங்கள் வேகத்துக்கு அவர் வருகிறார் என்றால் அது பெரிய உழைப்பு. இதை அவரிடம் சொல்லுங்கள். ரப்பர் பூச்சுள்ள ரிம்மும், உள்ளங்கையில் ரப்பர் வைத்த கையுறையும் இருந்தால் அவருக்குப் பாரம் குறையும்.

கண் இருட்டுவது ரத்த அழுத்தம் இறங்குவதால். பயிற்சியின்போது நமக்கெல்லாம் வயிற்று உறுப்புகளிலும் வேலை செய்யாத தசைகளிலும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தத்தை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பும். அந்தச் சுருங்கும் உத்தரவும் சிம்பதெடிக் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு அது போகாததால் ரத்தம் வயிற்றிலும் காலிலும் தேங்குகிறது. தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தியதும் அழுத்தம் சரிகிறது. அவர் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாகத் தள்ளி முடிக்கட்டும். வயிற்றுக்கு எலாஸ்டிக் பெல்ட்டும், காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸும் பல பேருக்கு உதவுகின்றன. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே பயிற்சி வேண்டாம். இருட்டிக்கொண்டு வந்தால், அவருக்குப் பின்னால் ஒருவர் நின்று நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, முடிந்தால் இன்னொருவர் காலைத் தூக்க வேண்டும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். பின்பக்கம் சாய்ப்பது நாற்காலியில் இல்லாத ஒருவரால்தான் முடியும். ஆகவே நீங்கள் இருவர் மட்டும் தனியாகப் போகாதீர்கள். அண்ணன்தான் தினமும் நடக்கிறாரே, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நண்பருக்கு வரலாம். உங்களுக்கு டி10 என்பதால் வர வாய்ப்பு மிகக் குறைவு. டி6-இலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். காயத்துக்குக் கீழே உடலை ஏதாவது உறுத்துகிறது: சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது, சிறுநீர் வெளியேற வைத்திருக்கும் கதீட்டர் குழாய் மடங்கிவிட்டது, மலச்சிக்கல், இடுப்பில் கட்டிய பெல்ட் இறுகுகிறது, ஒரு புண். அவருக்கு அந்த வலி தெரியாது. ஆனால் கீழே உள்ள நரம்புகள் தாமாகவே ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். "தளர்த்து" என்ற மூளையின் உத்தரவு காயத்தைத் தாண்டாது. ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். தலை விண்விண் என்று தெறிக்கும், முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், மயிர்க்கூச்செறியும், மூக்கு அடைக்கும், நாடி பெரும்பாலும் மெதுவாகிவிடும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு, வலிப்பு வரை போகக்கூடிய அவசர நிலை இது.

இங்கே அவரைச் சாய்க்கவே கூடாது. நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட், சாக்ஸ், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். உடனே குழாயையும் யூரின் பேக்கையும் பாருங்கள். மடிப்பை எடுத்துவிட்டாலே பல நேரம் அழுத்தம் இறங்கிவிடும். கதீட்டர் வைக்காமல் நேரத்துக்கு நேரம் டியூப் போட்டு எடுப்பவர் என்றால் உடனே எடுத்துவிட வேண்டும். இறங்கவில்லை, அல்லது காரணம் தெரியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் வெளுத்து, கண் இருட்டி, தலை சுற்றினால் சாய்க்க வேண்டும். முகம் சிவந்து, தலை தெறித்தால் நிமிர்த்த வேண்டும். இதைக் கூட வரும் அண்ணனுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

ஒரு காகிதத்தில் நண்பரின் காயம், அவருடைய வழக்கமான ரத்த அழுத்தம், இந்தப் பிரச்சினையின் பெயர் மூன்றையும் எழுதி நாற்காலிப் பையில் வையுங்கள். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் வழக்கமாகவே 90 முதல் 110-க்குள்தான் இருக்கும். அவருக்கு 140 என்றால் அது பெரிய ஏற்றம். அவசரத்தில் பார்ப்பவருக்கு 140 பெரிதாகத் தெரியாமல் போகலாம். அந்தச் சீட்டு இருந்தால் தெரியும். பயிற்சிக்குக் கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்து, குழாய் தொடைக்கு அடியில் மாட்டவில்லையே என்று பார்ப்பதும் வழக்கமாகட்டும்.

அடுத்தது சென்னை வெயில். காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. உங்களுக்கு மார்பு, கை, முகம் எல்லாம் வியர்க்கும், ஓரளவு சமாளிப்பீர்கள். நண்பருக்கு உடல் முழுவதும் வியர்வை மிகக் குறைவு. உடலுக்குள் சேரும் சூடு வெளியே போக வழி இல்லை. நம் ஊரில் காலையில் காற்றில் ஈரம் வேறு அதிகம், வருகிற கொஞ்ச வியர்வையும் காயாது. செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்றை எடுத்துப் போய், அவருக்கு முகம், கழுத்து, கைகளில் அடிக்கடி அடித்துவிடுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். அக்னி நட்சத்திர நாட்களில் இருவரும் தெருவுக்கே வராமல், வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் ரப்பர் பேண்டு வைத்துப் பயிற்சி செய்தால் போதும். நாற்காலியை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அப்படியே ஏறாதீர்கள். கம்பியும் பக்கிளும் கொதித்திருக்கும். உணர்வில்லாத தொடையில் அது தீக்காயமாகி, சாயங்காலம் உடை மாற்றும்போதுதான் தெரியும். இப்படி வந்த கொப்புளங்களைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன், ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

உங்கள் வலது தோள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் உங்களுக்குக் கையும் அதுதான், காலும் அதுதான். கையால் நாற்காலி தள்ளுபவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோள் வலியோடு இருக்கிறார்கள். ரிம் தள்ளுவது உடலுக்கு மிகச் சிக்கனமில்லாத வேலை: செலவழிக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நாற்காலியை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி பெரும்பாலும் சூடாகவே போகிறது; தேய்மானம் உங்கள் தோளுக்கும் மணிக்கட்டுக்கும்.

ஏன் வலது மட்டும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்று தெருவின் வலது ஓரமாகப் போகிறீர்களா? நம் தெருக்கள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் போனால் நாற்காலி வலப்பக்கம் சரியப் பார்க்கும். நேராகப் போக வலது கை ஒவ்வொரு தள்ளிலும் கூடுதலாகத் தள்ள வேண்டும். ஆறு மாதம் அப்படிப் போனால் வலிக்காமல் என்ன செய்யும்? போகும்போது ஒரு ஓரம், வரும்போதும் தெருவின் அதே ஓரம் (அப்போது அது உங்களுக்கு இடப்பக்கம்) என்று திரும்பினால் பாரம் இரண்டு கைக்கும் பிரியும். அதைவிட நல்லது சமதளமான இடம். மெரினாவின் உட்புறச் சாலை விடிகாலையில் நன்றாக இருக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போதும் எப்போதும் ஒரே பக்கம் மாறுகிறீர்களா என்றும் பாருங்கள்.

தள்ளும் விதத்தைக் கவனிப்போம். கடிகார முகப்பை நினைத்துக்கொண்டால், கை பதினொரு மணி பக்கம் ரிம்மைப் பிடித்து, இரண்டு மணி தாண்டும் வரை விடாமல் தள்ளட்டும். விட்டதும் கையை ரிம்முக்கு மேலேயே திருப்பிக் கொண்டுவராமல், கீழே தளர விட்டு, சக்கரத்தின் அச்சுப் பக்கமாக ஒரு அரை வட்டம் போட்டு மறுபடியும் மேலே கொண்டுவாருங்கள். நீளமான, நிதானமான தள்ளல், எண்ணிக்கை குறைவு. சடசடவென்று சின்னச் சின்னதாகத் தள்ளுவதுதான் தோளை அரிப்பது. பிறகு நாற்காலியையே பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கரத்தின் நடு அச்சைத் தொட வேண்டும். கையை ரிம்மின் உச்சியில் வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருக்க வேண்டும். அச்சு முதுகுக்குப் பின்னால் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரி மாடல் மடக்கு நாற்காலி என்றால், ஒவ்வொரு தள்ளுக்கும் தோள் பின்னால் முறுக்கப்படும். அது தினமும் தள்ளுவதற்குச் செய்யப்பட்டதே இல்லை. உடல் அளவெடுத்துச் சரிசெய்து தரும் நாற்காலிகள் இப்போது நம் ஊரிலேயே வருகின்றன; ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய நியோஃப்ளை 2021-இல் வெளியானது. வாங்க முடியாவிட்டாலும் டயரில் காற்று வாராவாரம் பாருங்கள். காற்று குறைந்த டயர் தோளுக்கு வீண் சுமை.

தள்ளுவது முழுக்க மார்பையும் தோளின் முன்பக்கத்தையும்தான் வளர்க்கும். பின்பக்கம் பலவீனமாகவே இருந்தால் தோள் முன்னுக்கு வளைந்து, கையைத் தூக்கும்போது உள்ளே தசைநார் எலும்புகளுக்கு இடையில் நசுங்கும். ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டி, இரண்டு முழங்கையையும் பின்னால் இழுத்துத் தோள்பட்டைகளைச் சேருங்கள். அடுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். வலிக்கும் வரை இழுக்காதீர்கள். இப்போதைக்குத் தலைக்கு மேல் எடை தூக்குவது வேண்டாம். இரவு மல்லாந்து படுத்து கைகளை இரண்டு பக்கமும் விரித்துச் சில நிமிடம் வைத்தால் மார்பு தளரும். புண் வராமல் இருக்க 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி எம்புகிறீர்கள் என்றால், அதற்குப் பதில் முன்னால் குனிந்து தொடையின் மேல் சாயுங்கள், அல்லது ஒரு பக்கமாகச் சரியுங்கள், ஓரிரு நிமிடம். தோளுக்கு நிம்மதி, புட்டத்துக்கும் நல்லது.

நண்பருக்கு இதிலும் ஒரு எச்சரிக்கை. அவர் மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். டம்ளர் எடுப்பது, ஸ்பூன் பிடிப்பது எல்லாம் அதில்தான். உள்ளங்கையை விரித்து, விரல்களை நீட்டி ஊன்றினால் அந்தத் தசைநார்கள் நீண்டு பிடி போய்விடும். எப்போதும் விரல்களை மடக்கி வைத்தே ஊன்றச் சொல்லுங்கள். எடைக்கு டம்பெல் வேண்டாம், மணிக்கட்டில் சுற்றி ஒட்டும் மணல் பட்டை போதும்.

எவ்வளவு செய்யலாம்? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்றே 2018-இல் சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. உடல் திறன் கூட, மிதமான முதல் கடுமையான வேகத்தில் வாரம் இரண்டு நாள் குறைந்தது 20 நிமிடம், கூடவே வேலை செய்யும் ஒவ்வொரு பெரிய தசைக்கும் மூன்று செட் வலுப்பயிற்சி வாரம் இரண்டு நாள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் வேண்டுமென்றால் வாரம் மூன்று நாள் குறைந்தது 30 நிமிடம். நீங்கள் தினமும் போகிறீர்கள். தோளுக்கு ஓய்வே இல்லை. ஒன்று விட்டு ஒரு நாள் ஆக்குங்கள். அந்த 30 நிமிடத்திலும் ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் நிதானமாக என்று மாற்றி மாற்றிப் போகலாம்.

வாட்ச்சுக்குப் பதில் இருவருக்கும் பொருந்துவது பேச்சும் சிரமக் கணக்கும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நான்கைந்து வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். சும்மா உட்கார்ந்திருப்பது பூஜ்யம், இதற்கு மேல் முடியாது என்பது பத்து என்று வைத்து, ஐந்தாறில் பெரும்பாலான நேரம், ஏழெட்டில் கொஞ்ச நேரம். நண்பருக்கு மூச்சுத் தசை குறைவு என்பதால் பேச்சு சீக்கிரமே தடுக்கும், அவருக்கு சிரமக் கணக்கே மேல். வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும், நீங்கள் அவர் பின்னால் போங்கள்.

சில மாதங்களில் என்ன மாறும் என்றால், கைத் தசைகளுக்குள் ரத்த நுண்குழாய்கள் கூடி, அதே தூரத்துக்கு உங்கள் துடிப்பு குறையும். நண்பரின் 112 ஏறாது. ஆனால் அதே 112-இல் அவர் இன்னும் தூரம் போவார். அவருக்கு அதுதான் முன்னேற்றம், எழுதி வையுங்கள். கால் எலும்புக்கு இந்தப் பயிற்சியால் பலம் வராது. முழங்காலுக்கு மேலும் கீழும் எலும்பு மெலிந்திருக்கும், மாறும்போது கால் மாட்டாமல் பாருங்கள்.

தோளுக்கு நான் சொன்னதை ஆறு வாரம் செய்து பாருங்கள். குறையவில்லை என்றாலோ, இரவில் வலியால் தூக்கம் கெட்டாலோ, கையைத் தூக்கவே முடியவில்லை என்றாலோ கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்துக்குப் போங்கள். நாற்காலியோடு போங்கள், அதையும் அவர்கள் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, நிறுத்திய பிறகும் தணியாத மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. நண்பருக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமல் போகலாம். காரணம் புரியாத களைப்போ, திடீர் வியர்வையோ, மூச்சு முட்டலோ வந்தாலே அவரை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.